மாமனார் புல்லட்

சிதம்பரத்தில் கலைமணிக்குச் சொந்தமான நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் கீழவீதியில் தொடங்கி ரயிலடி வரைக்கும் போகும். ஆனால் அவர் வீட்டுக்கு யாராவது வந்தால் உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இருக்காது. எல்லாம் ஏதோ ஒரு காதுகுத்துக்கோ கருமாதிக்கோ போயிருக்கும். வந்தவர் கட்டிலில் உட்கார வேண்டியதுதான். கட்டிலும் சில சமயம் மாப்பிள்ளை அறைக்குப் போய்விடும்.

வாடகைப் பாத்திரக் கடைக்காரர் வாழ்க்கை அப்படித்தான். அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, ஜமுக்காளம் என்று ஊரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் வண்டியேறுவது அவருடைய சாமான்கள்தான். கல்யாண வீட்டுக்காரர் வந்து கேட்டால் 'இல்லை' என்ற வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் வைத்திருந்த ஒரே கொள்கை. இப்படி இருப்பதையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு, வாய் நெளிந்துபோய் யாருமே எடுத்துப்போக மறுத்த ஒரு குண்டானை மட்டும் வீட்டுக்கு விட்டிருந்தார். அவர் மனைவி லோகநாயகி வருஷக்கணக்காக அதில்தான் சோறு வடித்தாள்.

கலைமணியைப் பற்றி ஊருக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு. தொட்ட வேலையை முடிக்க மாட்டார். கடைப் பலகையில் 'கலைமணி பாத்திர வாட' என்பதுவரை எழுதிவிட்டு டீ குடிக்கப் போன பெயின்டர் திரும்பி வரவில்லை. இன்னொரு பெயின்டரைப் பிடிக்க இவரும் மெனக்கெடவில்லை. மாடியில் ஓர் அறை எடுக்கலாம் என்று நீட்டிவிட்ட கம்பிகளில் லோகநாயகி துணி காயப்போடுகிறாள். பின்கட்டுச் சுவருக்குப் பாதி பச்சை, பாதி சுண்ணாம்பு. எதைக் கேட்டாலும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேல இருக்குது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இருக்காது. நாளைக் காலையில் முடிந்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிற மனிதரின் முகம் அது.

இப்படிப்பட்டவர் ஒரு புல்லட் என்ஜினைக் கழற்றிப் பிரித்துத் திரும்ப ஓட வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது தெருவில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. சிரிப்பதற்கு எப்படியும் நிறைய நாள் கிடைக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த புல்லட் அவருடைய மாமனார் ராமாமிர்தத்தினுடையது. மாமனார் புவனகிரிக்காரர். நெல் வியாபாரம். அந்த வட்டாரத்தில் புல்லட் வைத்திருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடக்கூடிய காலத்தில் வாங்கிய வண்டி. வண்டியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. மாப்பிள்ளை என்று மரியாதையெல்லாம் பலமாக இருக்கும், இலையில் முதல் வடை கலைமணிக்குத்தான் விழும். ஆனால் வண்டி என்று வந்துவிட்டால், "நீங்க ஏறிக் குந்துங்க மாப்ள" என்று பின்னால் உட்கார வைத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் கண்ணை மூடும்வரை கலைமணி அந்த வண்டியின் பின் சீட்டில்தான் போனார். முன்னால் என்ன நடக்கிறது என்பதை மாமனாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்று தெரிந்துகொண்டார்.

மாமனார் போன பிறகு வண்டி புவனகிரி வீட்டுக் கொல்லையில் கிடந்தது. வெள்ளாற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்த வருஷம் சீட் வரைக்கும் முழுகி, வடிந்த பிறகு சேறு பூசிய இரும்பாக நின்றது. லோகநாயகியின் தம்பி அருள்முருகன் கடலூரில் டைல்ஸ் கடை வைத்து நன்றாக இருக்கிறவன். கொல்லையைச் சுத்தம் செய்ய வந்தவன் அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடப் போனான். கலைமணிதான் தடுத்து, பந்தல் சாமான் ஏற்றும் மினி லாரியில் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தார். "இந்தக் குப்பைய நீங்க ஏன் மாமா தலையில தூக்கி வச்சிக்கிறீங்க, தாராளமா எடுத்துகினு போங்க" என்று அருள்முருகன் பெரிய மனசோடு சொன்னான்.

கடையில் இடமில்லை என்பதால் வண்டி வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. தண்ணீர் போன என்ஜின், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டித் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. டீசலை ஊற்றி ஊறப்போட்டு, மரக்கட்டையை வைத்துத் தினம் நாலு தட்டுத் தட்டுவார். நகராது. மூடிவைத்துவிட்டுப் பாத்திரம் ஏற்றப் போவார். ஒருநாள் லோகநாயகி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது உள்ளே 'ணங்' என்று சத்தம் கேட்டது. பிஸ்டன் கழன்றுவிட்டது. கலைமணி கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரித்த சாமான்களை அவர் வைத்திருந்த விதமே தனி. மெக்கானிக் என்றால் டப்பாவில் போடுவான். இவர் பெரிய இட்லித் தட்டுகளை எடுத்துக்கொண்டார். ஒரு குழிக்கு ஓர் இடத்து நட்டு போல்ட். மேல் தட்டில் சிலிண்டர் தலை, அடுத்ததில் வால்வு சமாச்சாரம், கீழே போகப்போக என்ஜினின் அடிவயிறு. நூறு பேருக்கு இட்லி அவிக்கும் தட்டு முழுக்கத் திருகாணிகள் இருந்தன. என்ஜின் கூட்டையும் கனமான சாமான்களையும் ஓர் அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் முக்கிவைத்தார். அந்த அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்ததைக் கடைப் பையன்கள் தெரியாமல் ஒரு வளைகாப்புக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சாம்பார் ருசி பார்த்த சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னாராம், பற்றிக்கொள்ளுமோ என்று. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் கலைமணியைப் பார்த்தால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

லோகநாயகி சண்டை போட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். ஓசூரில் இருக்கும் மகள், அப்பா என்ஜினை எடுத்தால்தான் பிரசவத்துக்கு வருவேன் என்று போனில் சொன்னதையும் சொல்லிப் பார்த்தாள். மகள் என்ஜின் கூடத்தில் கிடக்கும்போதேதான் வந்து, என்ஜின் பக்கத்திலேயே தூளி கட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பியும் போனாள். அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சாமான் இறக்கிவிட்டு மதியம் வீடு திரும்பிய கலைமணி கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அரிவாள்மணை, தையல் மிஷின், சுத்தியல் எல்லாவற்றோடும் சேர்த்து என்ஜின் சாமான்கள் அத்தனையையும் துடைத்து, வாழையிலையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள் லோகநாயகி. பிஸ்டனுக்கு நெற்றி மாதிரி ஒரு இடம் இருந்ததால் அதற்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகவே பொட்டு. பல் சக்கரங்களுக்குப் பூவும் வைத்திருந்தாள்.

அவருக்கு ஆத்திரமாக வந்தது. எண்ணெய் போகிற ஓட்டையெல்லாம் சந்தனம். ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அதில் அவருக்கும் பயம் உண்டு. அதனால் அன்றைக்குப் பொழுதுக்கும் சந்தனம் காய்ந்து கெட்டியாவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொரியும் கடலையும் கொடுத்தாள், அதையும் தின்றார்.

மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கும்போது ஒரு சின்ன சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதன் தலையிலும் ஒரு பொட்டு இருந்தது.

"இதுக்குமா வச்ச? இதுக்குப் பேரு பாயிண்டு. இதுல ஒரு துளி ஒட்டியிருந்தா நெருப்பு வராது. நெருப்பு வரலன்னா மொத்த வண்டியும் வெறும் இரும்பு. விஷயம் தெரியாதவன் நாள் பூரா ஒதச்சாலும் காலுதான் வீங்கும்."

லோகநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை வாங்கிப் பார்த்தாள். "இத்தினியூண்டு இருந்துகினு இவருக்கு இவ்ளோ அதிகாரமா? எங்க இருப்பாரு இவரு?" என்று கேட்டாள். பொட்டு வைத்துவிட்டதால் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தோ, இந்த மூடிக்குள்ள. ரெண்டு திருகு" என்றார் எரிச்சலோடு. பிறகு எண்ணெய் ஓட்டையில் அடைத்த சந்தனத்தை எடுக்க முடியாமல் அவர் திணறுவதைப் பார்த்து, தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அந்த ஊக்கால்தான் சுத்தம் செய்தார். அன்றைக்கு மாலைக்குள் அவளுக்கு எல்லாச் சாமான்களின் பெயரும் தெரிந்துவிட்டது. அவர் ஆத்திரத்தில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் திட்டினார்.

வெளியில் கொடுத்துச் செய்தது ஒரே ஒரு வேலை. சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டியிருந்தது. கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சார்லஸிடம் கொண்டுபோனார். சார்லஸ் படகு என்ஜின்காரர்களுக்கு வேலை செய்கிறவர், அதிகம் பேச மாட்டார். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் சிலிண்டரை வாங்கிக்கொண்டவர், ஈஸ்டர் முடிந்துதான் தொடுவேன் என்றார். தொட்டு, முடித்து, உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஓட ஆரம்பித்த பிறகு ஒருதரம் கொண்டுவாங்க, சத்தத்தைக் கேட்கணும் என்று மட்டும் சொன்னார். ஓடும் என்று கலைமணியிடம் நம்பிக்கையாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வால்வு தேய்ப்பதற்கு அதன்மேல் ஒரு குச்சியை ஒட்டி, அடியில் தேய்க்கும் பசையைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மோர் கடைவதுபோல் உருட்ட வேண்டும். கலைமணி உருட்டியது கோணலாகப் போனது. லோகநாயகி வாங்கி உருட்டினாள். அது சரியாக வந்தது. அப்புறம் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் இட்லித் தட்டில் ஒரு குழியில் ஒரு வாஷர் மிச்சம். இது இல்லாமலே ஓடும் என்று அவர் இரண்டு நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மூன்றாவது நாள் தட்டைக் கழுவ எடுத்த லோகநாயகி, அந்த வாஷரைக் கொண்டுவந்து அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பழைய கலைமணியாக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இந்தத் தடவை சாப்பாட்டை முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கழற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வாசலுக்கு இறக்கினார்கள். விளக்குக் கூட்டின் மேல் சின்ன மீட்டர் ஒன்று உண்டு. மெதுவாக மிதிக்கும்போது அதில் முள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுந்தால் உள்ளே பாயிண்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம். முள் ஆடியது. உதைத்தார். கிக்கர் எதிர்த்து அடித்ததில் முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்தது. மறுபடி உதைத்தார். புகை வந்தது. மறுபடி. அப்புறம் அந்தச் சத்தம் வந்துவிட்டது. மாமனாருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கேட்ட அதே சத்தம், இப்போது தன் கைக்குக் கீழே. கலைமணிக்கு அழுகை வந்தது. தெரு பார்க்கிறதே என்று துடைத்துக்கொள்ளவும் இல்லை. அறுபதை நெருங்கும் மனிதர், வாழ்க்கையில் ஒரு வேலையை முடித்துவிட்டார்.

முடித்த சந்தோஷத்தில் அவர் இரண்டு காரியம் செய்தார். இரண்டுமே வினையாக வந்தன.

ஒன்று, பெயர் வெட்டினார். பாத்திரக் கடைக்காரருக்குத் தன் பொருள் என்று ஒன்று கிடைத்தால் கை தானாக உளியையும் சுத்தியலையும் தேடும். வண்டியின் பக்கவாட்டு டூல்ஸ் பெட்டி மூடியில், அண்டாவுக்கு வெட்டுவதுபோலப் புள்ளி புள்ளியாக 'கலைமணி, சிதம்பரம்' என்று வெட்டிவிட்டார். லோகநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள். "பேர வெட்டாதீங்க. நீங்க பேர வெட்டுனது எது நம்ம வூட்ல தங்கியிருக்குது?" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது, சார்லஸுக்குச் சத்தம் கேட்கவைக்க லோகநாயகியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போனார். புதுப் பிஸ்டன் என்பதால் வேகமாகப் போகக் கூடாது. சைக்கிள்காரர்கள்கூட முந்திப்போனார்கள். புதுச்சத்திரத்தில் நிறுத்தி டீ குடித்தார்கள், ஆலப்பாக்கத்தில் நிறுத்தி என்ஜினைத் தொட்டுப் பார்த்தார்கள். பட்டறை வாசலில் சார்லஸ் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "போதும், நிறுத்துங்க, பெட்ரோல் வேஸ்டு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அதுதான். அதைப் பக்கத்துக் கடைப் பையனைவிட்டு வீடியோ எடுக்கவைத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கலைமணி தானே போட்டார். கீழே 'முடிஞ்சிடுச்சு' என்று ஒரு வார்த்தை எழுதினார்.

அன்றைக்குச் சாயங்காலமே அருள்முருகன் போன் செய்தான். முதலில் பாராட்டினான். பிறகு, அப்பா வண்டியில் மாமா தன் பேரை வெட்டியிருப்பது வீடியோவில் தெரிகிறதே என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. அப்புறம் விஷயத்துக்கு வந்தான். மகன் இளவரசுக்கு அடுத்த மாதம் கடலூரில் கல்யாணம் வைத்திருந்தார்கள். இளவரசு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வரவேற்புக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் தாத்தா புல்லட்டிலேயே மண்டபத்துக்குள் வந்தால் எப்படியிருக்கும். கல்யாணம் முடிந்ததும் வண்டியை இளவரசு பெங்களூருக்கே எடுத்துக்கொள்வான். பேரன்தானே, அவனுக்கில்லாத பாத்தியதையா.

குப்பை என்று நீதானே தள்ளிவிடப் போனாய் என்று கேட்கக் கலைமணி வாயைத் திறந்தார். அதற்குள் அருள்முருகனே சொல்லிவிட்டான். "ஓடுற வண்டியா ஆயிடுச்சேன்னுதான் மாமா கேக்குறேன். ஓடலன்னா அது எங்களுக்கு எதுக்கு? அவன் அபார்ட்மெண்ட்ல பழைய இரும்ப வைக்க விடமாட்டாங்க."

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார் கலைமணி. அக்காகிட்ட கேக்க இதுல என்னா இருக்குது என்றான் அருள்முருகன். லோகநாயகி பக்கத்தில்தான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

கல்யாண வீடு வந்து கேட்கிறது. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் பழகவே இல்லை. எடுத்துக்குங்க மச்சான் என்று சொல்லி போனை வைத்தார். அன்றைக்கு ஆரம்பித்த வேதனை ஒரு வாரமாகக் குறையவில்லை. கழற்றிப் போட்டிருந்தவரைக்கும் அந்த வண்டியை யாரும் சீந்தவில்லை, அது அவருடையதாக இருந்தது. ஓடவைத்ததும் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. ஒரு வேலையையாவது முடித்தால் இதுதான் கதி என்று முன்னாலேயே தெரிந்துதான் இத்தனை வருஷம் எதையும் முடிக்காமல் இருந்தோமோ என்றுகூட யோசித்தார். லோகநாயகி எதுவும் சொல்லவில்லை. அதுவும் அவருக்கு வருத்தமாக இருந்தது. தம்பி மகன் என்றதும் அவளுக்குத் தன் பக்கம் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அருள்முருகனும் இளவரசும் காரில் வந்து இறங்கினார்கள். இளவரசு புல்லட்டை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. புது ஹெல்மெட் வாங்கி வந்திருந்தான். பையன் நல்ல பையன், அத்தை காலில் விழுந்து கும்பிட்டான். தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கலைமணி வண்டியைத் துடைத்து நடுத்தெருவில் நிறுத்தி, கடைசியாக ஒருதரம் தானே ஸ்டார்ட் செய்து கொடுக்கிறேன் என்றார்.

உதைத்தார். ஒன்றுமில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட முதல் உதையில் பிடித்த வண்டி. மறுபடி உதைத்தார். இளவரசு உதைத்தான். அருள்முருகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் யாரோ தள்ளிப் பார்க்கலாம் என்றார்கள். தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

கலைமணிக்கு வியர்த்துக் கொட்டியது. குனிந்து, மெதுவாக மிதித்து மீட்டரைப் பார்த்தார். முள் அசையவில்லை. செத்துக் கிடந்தது. அப்படியென்றால் பாயிண்ட். அவ்வளவுதான், இரண்டு திருகு. டூல்ஸ் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து மூடியின் பக்கம் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். திருகின் தலையில் இருந்த வெட்டுக்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டார். குங்குமம்.

நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். லோகநாயகி காபித் தம்ளர்களோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் பூஜை அலமாரி திறந்திருந்தது. முருகன் படத்துக்குக் கீழே, விளக்குக்கும் விபூதி டப்பாவுக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் புதிதாக வைத்துக்கொண்டு சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தச் சாமான் உட்கார்ந்திருந்தது.

உள்ளே போய் எடுத்து வந்து மாட்டினால் ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகாது. வண்டி சத்தம் போடும். தெரு வாயைப் பிளக்கும். கலைமணி முடித்த வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பது எல்லாருக்கும் நிரூபணம் ஆகும். பிறகு அது கடலூர் போய், பெங்களூர் போய்விடும். அவருக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. இரண்டில் எதை விடுவது என்பது அவர் நெஞ்சை அறுத்தது.

"லேத்துக்காரன் சிலிண்டரச் சரியா கடையலயோ?" என்று அருள்முருகன் கேட்டான். சார்லஸ் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள நல்ல வழி.

கலைமணி திருப்புளியைப் பெட்டியில் போட்டு மூடினார். "சார்லஸ் வேலையில குத்தமில்ல மச்சான். நான் மாட்டுனதுல எங்கியோ தப்பு நடந்துருக்குது. மறுபடியும் மொத்தமாக் கழட்டணும்."

"மொத்தமாவா? எப்ப மாமா முடியும்?"

"தெரியல. இன்னும் கொஞ்சம் வேல இருக்குது."

தெரு சிரித்தது. ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டிருந்த சிரிப்பு, அடக்க முடியாமல் வந்தது. இளவரசுகூடத் திரும்பி நின்றுகொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது கலைமணிக்கு வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது, அது பொய்யாக இருந்ததால். நீங்க ஆரம்பிச்ச எதத்தான் மாமா முடிச்சீங்க என்று அருள்முருகன் காரில் ஏறும்போது எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். வண்டி வேண்டாம் என்றும், பாண்டிச்சேரியில் புல்லட் வாடகைக்குக் கிடைக்கிறது என்றும் சொல்லிவிட்டு, காபி குடித்த தம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்த பிறகு கலைமணி உள்ளே வந்து பூஜை அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். லோகநாயகி தம்ளர்களைக் கழுவி முடித்து வந்து தூணில் சாய்ந்துகொண்டாள்.

"தெருவே சிரிச்சிது லோகா."

"சிரிக்கட்டும். உங்களுக்கு அது புதுசா?" என்றாள். பிறகு குரல் மாறியது. "அவன் எங்கப்பா வண்டிங்குறான். நீங்க நான் ஓட வச்ச வண்டிங்குறீங்க. எனக்கும் அவருதான அப்பா? எடுத்துகினு போங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த யாராவது கேட்டீங்களா?"

கூடம் பூராவும் அண்டாவும் இட்லித் தட்டுமாக இரண்டு வருஷம் கிடந்த வீட்டில், பெயர் வெட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியை அவர் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். தம்பிக்குத்தான் அவள் ஆப்பு வைத்தாள் என்று நினைத்தால், அதில் பாதி அவருக்கும் சேர்த்து வைத்திருக்கிறாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாமான்கள் கலைமணி கடையிலிருந்துதான் போயின, வாடகை வாங்கவில்லை. பாண்டிச்சேரி புல்லட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கியபோது, மாமா இரண்டு வருஷம் கழற்றி மாட்டிய கதையை அருள்முருகன் பந்தியில் ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிச் சிரிக்கவைத்தான். கலைமணியும் சிரித்தார். பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

ஊருக்கு வந்ததும் டூல்ஸ் பெட்டி மூடியைக் கழற்றி, பழைய பாத்திரம் வாங்கினால் முந்தின பெயரை அடித்துச் சமப்படுத்துவதுபோல், தன் பெயரை மரச் சுத்தியலால் அடித்து மழுக்கிவிட்டார். வண்டியை மினி லாரியில் ஏற்றி, கிள்ளை ரோட்டில் ஊரைத் தாண்டி இருக்கும் பாத்திர குடோனில் கொண்டுபோய் வைத்தார். வெறும் இரும்பாக, தார்ப்பாய் போட்டு மூடி, தெரு பார்க்கும்படிதான் ஏற்றிக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் டவுன் பஸ் பிடித்துக் கிள்ளை ரோட்டுக்குப் போகிறார்கள். லோகநாயகி முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததை அவிழ்த்துக் கொடுப்பாள். அவர் இரண்டு திருகைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, மாட்டுவார். சொந்தக்காரர் யாரும் வராத பக்கமாக, உப்பங்கழிவரைக்கும் ஓட்டிக்கொண்டு போவார்கள். திருட்டுத்தனமாகக் காதலிக்கிறவர்கள்போல, எதிரில் தெரிந்த முகம் வந்தால் லோகநாயகி முந்தானையால் தலையை மூடிக்கொள்வாள். போன மாதத்திலிருந்து திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டுகிறாள், கலைமணி பின்னால். பின் சீட் அவருக்குப் பழக்கமானதுதான்.

பதினோரு மணிக்குள் பாயிண்ட் முந்தானைக்குத் திரும்பிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் கறுப்பு எண்ணெயோடு கலைமணி தெருவுக்குள் வருவதைப் பார்த்துப் பெட்டிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார், என்னா மாமா, புல்லட்டு முடிஞ்சிதா இல்லியா என்று.

கலைமணி நின்று, கையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவியையும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்வார்.

"இன்னும் கொஞ்சம் வேல இருக்குது."